வெள்ளாற்றில் விட்ட ஏடுகள்

கருவேப்பிலங்குறிச்சி எங்கள் ஊர். அருகிலுள்ள விருத்தாசலமோ பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். சிறுவயதில் அத்தாவுடன் அங்குச் செல்லும் போதெல்லாம் பொம்மைகள் உலர்த்தப்படும் களங்களின் ஓரம் நின்றுவிடுவேன். ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சூளைக்குப் போகாத பொம்மைகள் கண்ணெதிரே கரைந்து சேறாயின. சுட்டெடுத்தவையோ மழையில் குளித்துப் பளபளத்தன. "சுடாத மண்ணு தண்ணிக்குத் தாங்காது தம்பி" என்றார் அங்கிருந்த முதியவர். அவர் தொழிலைச் சொன்னார். வாழ்க்கை முழுவதற்குமான பாடம் அது என்று பிறகுதான் உணர்ந்தேன்.

கல்லூரியில் ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பற்றிப் படித்தபோது, இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் ஒருநாள் தானாகவே விழித்தெழுந்தது போலத்தான் பாடநூல் கூறிற்று. அந்நகரத்துச் சிற்பி லூக்கா டெல்லா ராபியா, சுடுமண் சிற்பங்களுக்குப் பளிங்கு போன்ற வெண்பூச்சு அளித்துப் புகழ் பெற்றவர். பீங்கான் ஊரின் பக்கத்தில் வளர்ந்தவனல்லவா? அந்த வெண்மை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கின் குயவர்கள், சீனத்து வெண்பீங்கானைக் கண்டு வியந்து, அத்தகைய மண் தம்மிடம் இல்லாமையால், வெள்ளீயத்தைச் சேர்த்து ஒரு வெண்பூச்சை ஆக்கினர். அந்நுட்பம் முஸ்லிம் ஸ்பெயினை அடைந்தது. மயோர்க்காத் தீவின் வழியே கப்பலேறிய கலங்கள் இத்தாலிக்குச் சென்றன. அத்தீவின் பெயராலேயே 'மயோலிக்கா' என்று அவை வழங்கப்பட்டன. புளோரன்ஸின் புகழுக்குப் பின்னால், கைமாறிக் கைமாறி வந்த இத்தனை கைகள் இருக்கின்றன!

அறிவும் அவ்வாறே கைமாறியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இப்னு சீனாவின் மருத்துவ நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டது. பின்னர் அச்சும் ஏறியது. ராஃபேல் 1509-க்கும் 1511-க்கும் இடையே வத்திக்கானில் தீட்டிய 'ஏதென்ஸ் கழகம்' என்னும் ஓவியத்தில், கிரேக்க ஞானிகளிடையே தலைப்பாகையுடன் ஒருவர் நிற்கிறார். அவரே இப்னு ருஷ்து என்பர் அறிஞர். பொக்கியோ என்பார் மடாலயங்களில் பழஞ்சுவடிகளைத் தேடி அலைந்து, 1417-இல் லுக்ரீஷியஸின் பழம்பாடல் நூலை மீட்டார். மறுமலர்ச்சி என்பது புதிதாகப் படைத்தவர்களின் பெருமை மட்டுமன்று; அழிய இருந்ததைக் கையேந்தி வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தவர்களின் பெருமையும் ஆகும்.

நம் தமிழகத்திலும் அத்தகைய கைகள் இருந்தன. உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பாடிய சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட பெருங்காப்பியம். ஆயினும் அது நெடுங்காலம் ஓலையிலேயே கிடந்தது. ஓலையைச் செல் அரிக்கும். பெயர்த்தெழுதுவோர் கைப்பிழை பெருகும். இந்தியர் அச்சகம் நடத்த இருந்த தடைகள் 1835-இல் நீங்கின. அடுத்த ஏழே ஆண்டுகளில், 1842-இல், ஷெய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடித் திரட்டிச் சீறாப்புராணத்தை அச்சேற்றினார்கள். அன்னார் 'புலவர் நாயகம்' என்று போற்றப்பட்டவர். குத்பு நாயகம், திருமணிமாலை முதலிய காப்பியங்களைத் தாமே பாடியவர். தம் பாட்டே போதும் என்றிராமல், மறைந்துபோன மற்றொரு புலவரின் பாட்டுக்காக உழைத்தாரே, அந்த உள்ளம் எத்தகையது! சிலப்பதிகாரமும் புறநானூறும் உ.வே. சாமிநாதையரால் 1892-லும் 1894-லும் அச்சு வடிவம் பெற்றமைக்கு அரை நூற்றாண்டு முந்திய செய்தி இது. ஐயரவர்களும், ஏடுகள் ஆற்றோடும் நெருப்போடும் போன கதைகளை உள்ளம் உருகி எழுதிச் சென்றிருக்கிறார்கள்.

ஆற்றோடு போன ஏடு என்றதும் என் நெஞ்சு குறுகுறுக்கிறது. அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அத்தாவின் தாயார் பரங்கிப்பேட்டையில் பிறந்தவர்கள். மணமாகி எங்கள் ஊருக்கு வரும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தார்களாம். அதனுள் துணியில் சுற்றிய ஒரு கையெழுத்துப் புத்தகம் இருந்தது. அந்தி நேரங்களில் அதை விரித்து வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் ஓதுவார்கள். பாட்டியார் மறைந்தபின் பெட்டியைத் திறந்தோம். தாள்கள் பழுத்து உதிர்ந்தன. எழுத்தோ அரபு எழுத்து. அரபு எழுத்துள்ள பழந்தாள் காலில் மிதிபடலாகாது. மண்ணில் புதைக்க வேண்டும், அன்றி ஓடும் நீரில் விடவேண்டும் என்பது நம் குடும்பங்களின் மரியாதை. அந்த மரியாதையோடுதான் அத்தா அதை என்னிடம் கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவனான நான், ஐப்பசி வெள்ளம் புரண்டோடிய வெள்ளாற்றில் பிஸ்மில்லாஹ் சொல்லித் தாள் தாளாக விட்டேன். எதனாலோ ஒரே ஒரு தாளை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆண்டுகள் பல சென்றபின், கீழக்கரையில் முதிய ஆலிம் ஒருவரிடம் அத்தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், புன்னகைத்தார். "இது அரபு இல்லையே தம்பி, தமிழாயிற்றே!" என்றார்.

அரபுத் தமிழ்! அரபு எழுத்தோடு தமிழ் ஒலிகளுக்கான சில குறிகளைக் கூட்டி நம் முன்னோர் எழுதிய தமிழ். கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர் மார்க்க நூல்களையே அதில் எழுதினார்கள். திண்ணைப் பள்ளிக்குப் போகாத நம் பெண்மணிகள் அதன் வழியே படித்தார்கள், எழுதினார்கள். எங்கள் பாட்டியாரின் அந்தத் தாளில் இருந்தது, குழந்தையின் இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் வைக்கும் முறை. அதன் கீழே பாதியில் நின்ற ஒரு தாலாட்டு. மீதிப் பாதி அடுத்த தாளில் இருந்திருக்கும்.

பாட்டியாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். தமிழ் எழுத்துத் தெரியாதவரை எழுத்தே தெரியாதவர் என்று கொண்டோம். அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு நாளேனும் கேட்டிருந்தால் போதும். பகைவர் கொளுத்திய நூலகங்களைப் பற்றி வரலாறு புலம்புகிறது. அன்பும் மரியாதையும் கொண்டே நாங்கள் ஒரு நூலை அழித்தோம். அறியாமை அதற்குத் துணை நின்றது.

இன்றும் எத்தனையோ வீடுகளின் பரண்களில் இத்தகைய பெட்டிகள் இருக்கக்கூடும். வாசகர்கள் அவற்றை ஒருமுறை இறக்கிப் பார்க்கவேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கும்வரை எதையும் நீரில் விடாதீர்கள். முதலில் படம் பிடித்தேனும் வையுங்கள். சூளைக்குப் போகாத மண் மழைக்குத் தாங்காது.

அந்த ஒற்றைத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஏனைய தாள்கள் சென்ற வழியை நான் அறிவேன். எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில்தான் கடலில் கலக்கிறது.