"சேர், நீங்கள் எந்தப் பிளேனின்ர பக்கம்?"

 

பதிவு கொஞ்சம் நீளம். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கிற நேரத்துக்குள் வாசித்துவிடலாம்.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நாலு நாள் மோதிக்கொண்டன. அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் பாடம் நடத்துவதே கஷ்டமாகிவிட்டது. தரம் 9 பையன்கள் கொப்பியின் பின்பக்கம் முழுக்க விமானம் கீறி வைத்திருந்தார்கள். ரஃபேல் பிரான்ஸ் விமானம், ஜே-10 சீன விமானம், ஜே.எஃப்-17 சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து செய்தது, இந்தியா 2016இல் 36 ரஃபேல் வாங்க ஒப்பந்தம் போட்டது, 2025 ஏப்ரலில் கடற்படைக்கென்று இன்னும் 26 என்று எல்லாம் மனப்பாடம். விஞ்ஞானப் பாடத்தில் ஒலியின் வேகத்தைக் கேட்டால் முகட்டைப் பார்க்கிறவர்கள், "மாக் 2 எண்டால் ஒலியை விட இரண்டு மடங்கு சேர்" என்கிறார்கள். அந்த அளவில் சந்தோசம்தான்.

ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், நீங்கள் எந்தப் பிளேனின்ர பக்கம்? பாகிஸ்தான்தானே?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. கேட்டவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. கிரிக்கெட் காலத்திலும் இதே கேள்வி வரும். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற முஸ்லிம் வாத்தியார் எங்களுக்கு இது பழகின கேள்வி. நாங்களும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினோம். ஆனால் பதில் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று பின்னேரம் படகில் ஒரு மாணவனின் தகப்பன் பக்கத்தில் இருந்தார். கடற்றொழில் செய்கிறவர். கதையோடு கதையாக வகுப்பில் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"மாஸ்ரர், உதை என்னட்டக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன். எங்களுக்கு அப்ப பிளேனைப் பாக்கத் தேவையில்லை, சத்தத்திலேயே ஆள் ஆரெண்டு தெரியும். சகடை எண்டால் ஆறுதலாத்தான் வரும், பங்கருக்குள்ள ஓட நேரம் இருக்கும். கிபிர் அப்பிடியில்லை. குண்டு விழுந்தாப் பிறகுதான் சத்தமே கேக்கும்."

அவர் தீவிலிருந்து இடம்பெயர்ந்து நவாலிப் பக்கம் இருந்தவர். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தச் சனத்துக்குள் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30, வலிகாமமே எழும்பி நடந்தபோது அவரும் நடந்து வன்னிக்குப் போனார். கிபிரின் சத்தத்தை அங்கேதான் பழகினார்.

இரவு வீட்டுக்கு வந்து ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தோம். இலங்கை விமானப்படைக்கு 1985இல் இத்தாலியின் சியாய் மார்ச்செற்றி வந்தது. எங்கள் சனம் அதைச் 'சியாமாசெட்டி' ஆக்கிவிட்டது. 1991இல் சீனாவின் எஃப்-7 வந்தது. அதற்கடுத்து ஆர்ஜென்ரீனாவின் புக்காரா. 1996இல் இஸ்ரேலின் கிபிர், 2000இல் உக்ரேனின் மிக்-27, 2008இல் மறுபடி சீனாவின் புதிய எஃப்-7. ஒவ்வொன்றும் வரும்போது இதோடு சண்டை முடியும் என்றார்கள். இவற்றை வேறு நாட்டு விமானங்களோடு சண்டை பிடிக்க இலங்கை பாவித்ததில்லை. பாவித்தது இந்த நாட்டுக்குள்ளேதான்.

கிபிர் என்றால் எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று அர்த்தம். கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணம் ஆகாயவழியில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். கிபிருக்கு அது இருபது நிமிடம்கூட இல்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு எங்கள் படகு எடுக்கிற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடுக்கடலில் இருக்கும்போது இப்போதெல்லாம் இந்தக் கணக்கு மனதில் வருகிறது.

இனிச் சொல்லப் போவதுதான் சொல்லக் கஷ்டமான பகுதி.

நாங்கள் வடக்கு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபர் 30, புலிகள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலம் தந்து யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் சனத்தை வெளியேற்றினார்கள். வலிகாமம் எழும்பியதும் அதே திகதிதான், ஐந்து வருடம் கழித்து. எங்கள் வயதுக்காரர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள். வடக்குப் பக்கம் விமானம் இரைந்துகொண்டு போனால் பிள்ளைகள் நாங்கள் முற்றத்துக்கு ஓடுவோம். அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவோம். "போகட்டும், நல்லா அடிக்கட்டும்" என்று பெரியவர்கள் சிலர் சொன்னதும் காதில் இருக்கிறது. உம்மம்மா மட்டும் ஏசுவா. "வாயப் பொத்துங்க. அங்க இருக்கிறது நம்மட பக்கத்து வீட்டுக்காரர்."

நாங்கள் முற்றத்துக்கு ஓடிய அதே நேரத்தில் அந்தத் தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடியிருப்பார். படகில் அவருக்குப் பக்கத்தில் இருந்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறோம், அவர் வாசிப்பார்.

2006 ஓகஸ்ட் 14, வள்ளிபுனம் செஞ்சோலையில் கிபிர் குண்டு போட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். பள்ளி மாணவிகள் என்றது யுனிசெஃப். நாங்களும் அப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம், கிட்டத்தட்ட அதே வயது. செய்தியைப் பார்த்தோம். சந்தோசப்பட்டோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் எங்கள் வீடுகளில் அன்று இரவுச் சாப்பாடு நிற்கவில்லை.

இப்போது காசாவுக்காக ஜும்ஆவில் அழுகிறோம். அழத்தான் வேண்டும். வானத்திலிருந்து விழுகிற குண்டுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும்போது அழாத மனம் என்ன மனம்? ஆனால் கிபிரைச் செய்ததும் அதே நாடுதான். 2021 ஜூனில் எங்கள் நாட்டின் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இன்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தோடு 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் ஆனது. எங்கள் மஹல்லாவில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்த ஞாபகம் இல்லை. நாங்களும் திறக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே வராத விமானம் எங்கள் பிரச்சினை இல்லை என்று பழகிவிட்டோம்.

அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபா. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதற்கு முந்தின மாதம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். அந்த ஆயிரம் கோடி இருந்திருந்தால் நாடு தப்பியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. கடன் அதைவிடப் பல மடங்கு பெரியது. எதை முதலில் வாங்குவது என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

கேட்காமல் வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு மிக்-27 கதை இருக்கிறது. 2006இல் உக்ரேனிலிருந்து நாலு மிக்-27 வாங்கவும் ஏற்கெனவே இருந்த நாலைத் திருத்தவும் 14 மில்லியன் டொலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். விமானங்கள் 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்டவை. காசு நேரே உக்ரேன் அரசு நிறுவனத்துக்குப் போகாமல் இடையில் வேறொரு கம்பனிக்குப் போனது ஏன் என்ற கேள்வியை 2007இல் சண்டே லீடர் பத்திரிகை எழுப்பியது. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி நடுவீதியில் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. மிக் விவகாரத்தில் ரஷ்யாவுக்கான முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்க 2020இல் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை மறுக்கிறார்.

எங்கள் வகுப்புக்காரருக்குப் பிடித்த ஜே.எஃப்-17உம் ஒரு தடவை எங்கள் வாசல்வரை வந்தது. 2016 ஜனவரியில் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப் கொழும்பு வந்தபோது, இலங்கை அதை வாங்கப் போகிறது என்று பாகிஸ்தான் ஊடகங்கள் எழுதின. இந்தியாவுக்கு விருப்பமில்லை என்றும் செய்தி வந்தது. அப்படி ஒப்பந்தமே இல்லை என்றது எங்கள் அரசாங்கம். வரவிருந்ததா, இல்லையா என்பதைக்கூட இன்னொரு நாட்டுப் பத்திரிகையில் வாசிக்க வேண்டியிருந்தது. நாளைக்கு எந்த நாட்டிடமிருந்து எது வந்தாலும் இப்படித்தான் வரும், நாங்கள் வாய் திறக்காவிட்டால்.

அடுத்த கிழமை வகுப்பில் இதில் பாதியைச் சொன்னோம். ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப நாட்டுக்குப் போர் விமானமே வேண்டாமா சேர்?"

நல்ல கேள்வி. சுற்றிவரக் கடல் உள்ள நாட்டுக்கு வானத்திலும் கண் வேண்டும். அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தீவுக் கடலில் இன்றைக்கு வலையை அறுத்துக்கொண்டு போவது இழுவைப் படகு. மாக் 2இல் போகிற விமானத்தால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே வாங்குகிறவரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னோம். எதற்காக வாங்குகிறீர்கள்? என்ன விலை, இடையில் யார்? ஒருநாள் அது பறக்கும்போது கீழே யார் இருப்பார்கள்? மூன்றுக்கும் பாராளுமன்றத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் வந்தால் வாங்கட்டும்.

மூன்றாவது கேள்வியை எங்கள் தலைக்கு மேல் விமானம் வரும்போது மட்டும் கேட்டால் அது கேள்வி இல்லை, பயம். மற்றவன் கீழே இருக்கும்போதும் கேட்க வேண்டும். 1996இல் நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகளாக இருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். 2021இல் பிள்ளைகள் இல்லை. 1990இல் எங்கள் சனம் சொப்பிங் பையோடு நடந்தபோது பார்த்துக்கொண்டு நின்றவர்களும் இதை ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம். கணக்குத் தீர்க்கச் சொல்லவில்லை. அடுத்த முறை சேர்ந்து கேட்போம் என்கிறோம்.

முதலில் கேட்டவனுக்கும் பதில் சொன்னோம். "நாங்கள் எந்தப் பிளேனின்ர பக்கமும் இல்லையடா. கீழ இருக்கிறவையின்ர பக்கம்."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கட அம்மம்மா பக்கம்" என்றான். இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை.

ஒரு உதவி வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் கேட்ட விமானங்களின் பெயரை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். சகடை, சியாமாசெட்டி, புக்காரா, கிபிர் என்று ஊர் வைத்த பெயர், எந்த வருடம், அப்போது எங்கே இருந்தீர்கள், பங்கர் எங்கே வெட்டினீர்கள் என்று. பிள்ளைகள் கேட்டால் "சும்மா இரு" என்று அனுப்பாமல் சொல்லுங்கள். புத்தளத்தில் இருந்தவர்களும் சொல்லுங்கள், கை காட்டியது உட்பட. எங்கள் பக்கத்தை முதல் ஆளாக எழுதிக் கொடுத்துவிட்டோம்.

வஸ்ஸலாம்.