எங்கள் வீட்டுக்கு இரண்டு நம்பர்

போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு இரண்டு மணி. மாமாவுக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸுக்கு போன் செய்து, பதற்றத்தில் "17-ம் நம்பர் வீடு" என்றேன். வண்டி எங்கள் வாசலைத் தாண்டி இரண்டு முறை போய் வந்தது. கணவர்தான் தெருவுக்கு ஓடிப்போய் நிறுத்தினார்.

டிரைவர் மேல் தப்பில்லை. 17 எங்கள் பழைய எண். புதிய எண் 32, வாசல் தூணில் படர்ந்த சங்குப்பூக் கொடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

நல்லவேளை, மூன்றே நாளில் மாமா வீடு திரும்பினார். வந்ததும் வீட்டு எண்ணை மாற்றும் வேலையில் இறங்கினோம். நான் மெல்லிய, வளைந்த ஸ்டீல் எண்களைப் பார்த்து வைத்திருந்தேன்.

"அழகாத்தான் இருக்கும்மா. எதிர்சாரியில இருந்து தெரியுமா?" என்றார் மாமா.

அதே அளவில் காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்தோம். தெரியவில்லை.

பதில் எங்கள் ஊரிலேயே இருந்தது. புதுச்சேரி தெருமுனைகளில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்து பார்த்திருப்பீர்கள். பாரீஸில் வீட்டு எண்களுக்கும் அதே நிறங்கள்தான். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும்.

நாங்களும் நீலத்தில் வெள்ளையாக, நான்கு அங்குல உயரத்தில் 32 செய்யச் சொன்னோம். பசை போட்டு ஒட்டாமல், சுவரில் துளை போட்டு, பிளக் வைத்து முடுக்கினோம். கடற்காற்றில் சாதாரண திருகாணி சீக்கிரம் துருப்பிடித்து சுவரெல்லாம் கறை வழியும்; அதனால் உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டீல். வாசல் விளக்கின் வெளிச்சம் விழும் இடத்தில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே மாட்டினோம். கொடியைக் கத்தரித்தாயிற்று.

பழைய 17-ஐ என்ன செய்வது? 1954-ல் பிரெஞ்சு ஆட்சி முடிவதற்கு முன்பே மாமாவின் அப்பா மாட்டிய எனாமல் தகடு அது. பாரீஸில் இருக்கும் மாமாவின் அக்கா இன்றும் 17 என்று எழுதித்தான் கடிதம் போடுகிறார். தபால்காரரும் சரியாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

"எடுத்துடலாம்மா" என்று மாமாவே சொன்னார். "நம்மைத் தெரிஞ்சவங்களுக்கு நம்பரே வேண்டாம். ராத்திரியில வர்ற தெரியாதவருக்குத்தானே அது வேணும்."

அந்தத் தகடு இப்போது கூடத்தில், அவர் நாற்காலிக்கு மேலே தொங்குகிறது.

இன்று இரவு ஒரு நிமிடம் எதிர்சாரியில் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். எண் தெரிகிறதா?