கூவாகத்தில் ஒரு நாள் விதவைகள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் என்றதும் பலருக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையும் அதன் அருவிகளும்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் சமவெளியில் கூவாகம் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. 2019 வரை இது விழுப்புரம் மாவட்டம். சித்திரை மாதம் வந்தால் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் இங்கே கூடி, ஒரே கணவனுக்காக அழுகிறார்கள்!

அந்தக் கணவன் அரவான். அர்ஜுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். பாரதப் போரில் பாண்டவர் வெல்ல, தன்னையே களப்பலியாகக் கொடுக்க ஒப்புக்கொண்டான். சாவதற்கு முன் திருமணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து மணந்தான், மறுநாள் விதவையாக அழுதான் என்கிறது நம் ஊர்க் கதை. வடமொழி பாரதத்தில் இந்தத் திருமணம் கிடையாது. அங்கே இராவான் போர்க்களத்தில்தான் சாகிறான்.

கூத்தாண்டவர் கோயில் திருவிழா 18 நாட்கள். முழுநிலவையொட்டிய இரவில் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் உள்ள ஊர் ஆண்களும் கட்டிக்கொள்வது உண்டு. கற்பூரம் கொளுத்தி, சுற்றி நின்று விடிய விடியக் கும்மி. மறுநாள் மரத்தால் ஆன அரவான் தேரேறுகிறான். பலி முடிந்ததும் தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, பூவும் பொட்டும் போகின்றன. பிறகு குளித்து வெள்ளைச் சேலை.

அப்போது எழும் ஒப்பாரியைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர்வதுதான் ஒப்பாரியின் வழக்கம். எழுதி வைத்த பாட்டு இல்லை. இறந்தவரைச் சொல்லித் தொடங்கினாலும், பாடுகிறவரின் சொந்தத் துக்கம் அதில் தானாக வந்து கலந்துவிடும். துணியும் மரமும் பாட்டும் கூத்தும் சேர்ந்த ஒரு பெரிய கலை இது.

கூட வாழ்ந்தவன் இறந்தால் ஒரு திருநங்கை எங்கே போய் அழுவாள்? அவன் வீட்டார் அவளைச் சாவு வீட்டு வாசலில் சேர்ப்பார்களா? மனைவி என்று ஒப்புக்கொள்ளாத ஊர், விதவை என்று மட்டும் ஒப்புக்கொள்ளுமா? இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னதே 2019-ல்தான். சட்டம் அந்த இடத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, கூவாகம் அவளுக்குத் தாலியும் கொடுத்தது, அதை அறுத்து அழ ஓர் இடமும் கொடுத்தது.

அங்கே வேடிக்கை பார்க்கவும் கேமராவோடும் போகிறவர்கள் நிறைய. தேர் போனதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். அழுகை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அரவானின் பெயரைச் சொல்லி அழும் அந்தக் கூட்டத்தில், வேறு யாரோ ஒருவனுக்காக அழுகிறவள் எத்தனை பேரோ...