பிளந்த பலகை

வைக்கிங் காலத்துப் பெட்டி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோரின் மனதில் இருப்பது மேஸ்டர்மீர் பெட்டிதான். சுவீடனின் கோட்லாந்துத் தீவில், வடிகால் வெட்டி வயலாக்கிய சதுப்பு நிலம் ஒன்றை 1936இல் உழுதபோது அது கலப்பையில் மாட்டியது. ஓக் மரப் பெட்டி; அதைச் சுற்றி ஒரு சங்கிலி. கோடரி, வாய்ச்சி, ரம்பம், அரம், சுத்தியல், குறடு, பூட்டு என்று இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. கொல்லு வேலைக்கானவையும் தச்சு வேலைக்கானவையும் ஒன்றாகவே கிடந்தன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட அந்தப் பெட்டியை அளந்து வரைந்து, கிரேட்டா அர்விட்சனும் யோஸ்டா பெர்க்கும் 1983இல் ஒரு நூலாக்கினார்கள். எங்கள் தொழிலில் அது பட்டறை மேசையை விட்டு இறங்காத புத்தகம்.

கோடையில் கூடாரம் அடித்து, அக்கால உடையும் சமையலுமாக வாழ்ந்து பார்க்கும் வரலாற்று மீள்நடிப்பாளர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். தையலுக்கு எந்த நூல், சாயத்துக்கு எந்த வேர் என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அவர்களே பெட்டி என்று வந்தால் அளவை மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடுவார்கள். அளவில் என்ன இருக்கிறது? நீளம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 25ஐ ஒட்டி. ரம்ப ஆலைப் பலகை வாங்கி யாரும் அந்த அளவுக்கு வெட்டிவிடலாம். நான் சண்டை போடுவது பலகைக்காக.

அக்காலத்து ஸ்காண்டிநேவியத் தச்சர்கள் மரத்தை நீளவாக்கில் அறுத்துப் பலகை எடுத்தவர்கள் அல்லர், பிளந்தவர்கள். பச்சை ஓக் மரத்தடியின் தலைப்பில் ஆப்பு வைத்து இரண்டாக்கி, பாதியைக் காலாக்கி, காலை அரைக்காலாக்கி, நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் பிளந்துகொண்டே போவார்கள். ஓக்கில் அந்தத் திசையில்தான் கதிர்கள் ஓடுகின்றன. ஆப்பு அந்த வழியிலேயே இறங்கும். யாழ்ப்பாணத்தில் பனையைப் பிளந்து சிலாகை எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ரம்பம் நார் போகும் போக்கைக் கவனிக்காமல் நேர்கோட்டில் போய், குறுக்கே வந்த நாரையெல்லாம் அறுத்துவிடும். பிளந்த பலகையில் நார் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை அறுபடாமல் ஓடுவதால், மெல்லியதாக இழைத்தாலும் முறியாது. காயும்போது அதிகம் வளையாது. காரணம், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஓக் சுருங்கும் அளவில் ஏறத்தாழப் பாதிதான் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்கும். கோடரியால் செதுக்கிய முகத்தில் கதிர்கள் வெள்ளித் திட்டுகளாக மின்னும். அதை மெருகேற்றியும் கொண்டுவர முடியாது, வார்னிஷ் அடித்தும் கொண்டுவர முடியாது.

கூட்டுவது ஒருவகையில் எளிது. இரு தலைப்புப் பலகைகளிலும் பொளிவாய் எடுத்து, அடிப்பலகையின் கழுந்தைச் செருக வேண்டும். பக்கப் பலகைகள் மேலே போகப் போக உள்ளே சாய்வதால் எந்த விளிம்பும் செங்கோணத்தில் நிற்காது. மூலைமட்டத்தை எடுத்து வைத்துவிட்டுச் சாய்கோண மட்டத்தோடு வாழ வேண்டும். பலகைகளை முளை அடித்துப் பிணைக்கிறேன். முளை நன்றாகக் காய்ந்ததாகவும் பலகை கொஞ்சம் ஈரம் உள்ளதாகவும் இருக்க வேண்டும்: பலகை காயக் காய முளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடிதான் நேரத்தைத் தின்பது. மேலே வளைவும் கீழே குழிவுமாக ஒரே கட்டையிலிருந்து குடைந்து எடுக்க வேண்டும். இரும்புக் கீல் படும் இடத்தில் ஓக்கின் துவர்ப்புச் சத்து கருநீலக் கறையாக ஊறும். துடைத்துத் தரச் சொல்வார்கள். நான் துடைப்பதில்லை.

இன்னொரு வேண்டுகோளும் அடிக்கடி வரும்: ‘பழசாகத் தெரிய வேண்டும்.’ சங்கிலியால் அடித்து, புகை காட்டி, மூலையை நசுக்கித் தர வேண்டுமாம். ஆயிரமாவது ஆண்டில் அந்தப் பெட்டிக்காரன் வைத்திருந்ததும் ஒரு நாள் புதிதாகத்தானே இருந்தது! இன்று நம் கைக்கு வருவது அவன் செய்த வடிவமும், அதன்மேல் மண் செய்த வேலையும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நோர்வேயில் பெரிய சாட்சி உண்டு. 1904இல் அகழத் தொடங்கிய ஓசபெர்க் கப்பலைப் பார்த்து 1987இல் கட்டிய நகல், அடுத்த ஆண்டே கடற்சோதனையில் மூழ்கியது. மண்ணுக்கடியில் நொறுங்கிக் கிடந்த துண்டுகளை ஒன்றுசேர்த்தபோதே அடிப்பகுதியின் வடிவம் மாறியிருந்தது என்று பின்னர் தெரிந்தது. துண்டுகளை மறுபடி அளந்து கட்டிய ‘சாகா ஓசபெர்க்’ 2012இல் டொன்ஸ்பெர்க்கில் நீரில் இறங்கியது; நன்றாகவே ஓடுகிறது.

அறுத்த பலகையில் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிளந்து செய்தால் விலை கூடும், நாள் கூடும். புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய மாணவருக்குக் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு ஆலைப் பலகையில்தான் செய்து தருகிறேன், அதைச் சொல்லியே விற்கிறேன். உட்கார வசதியாக உயரத்தைக் கூட்டச் சொன்னாலும் செய்வேன், ஆனால் அதை மேஸ்டர்மீர் பெட்டி என்று எழுதித் தர மாட்டேன். நீங்கள் வாங்கப் போகிறவரானால் விலை கேட்பதற்கு முன்பு பலகை பிளந்ததா, அறுத்ததா என்று கேளுங்கள்.