வேடந்தாங்கல் ஏரிக்கரையிலே

வேடர்கள் தங்கிய இடம் என்றுதான் அந்த ஊரின் பெயருக்குப் பொருள் சொல்லுகிறார்கள். தொண்டைமண்டலத்தில் தாங்கல் என்றால் சிற்றேரி என்றும் அர்த்தம் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும், வேடனுடைய பெயரைச் சுமந்து நிற்கும் ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வேட்டையை விலக்கி வைத்திருக்கிறது என்பது விந்தையிலும் விந்தை. நம் தேசத்தின் நீர்ப்பறவைச் சரணாலயங்களுக்குள் மிகப் பழமையானது வேடந்தாங்கல். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுமுறை நாட்களில் புறப்பட்டுவிடும் என் போன்ற பொழுதுபோக்குப் படக்காரர்களுக்கு அது ஒரு க்ஷேத்திரம்.

சென்னையிலிருந்து தெற்கே போகும் பெருஞ்சாலையில் செங்கற்பட்டைத் தாண்டிப் படாளத்தில் மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். திரும்பியவுடனே வயலும் பனையும் ஏரிக்கரையுமாகச் செங்கற்பட்டுச் சீமைக்கே உரிய காட்சி தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் போய்ச் சேருகிறவர்களுக்கு ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும். ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே சமயத்தில் கரகரக்கும் அந்த ஓசையைச் சங்கீதம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஏரி பெரிதன்று, ஏறக்குறைய 74 ஏக்கர்தான். அதன் நடுவே நீர்க்கடம்ப மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் தோப்பாக நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் பறவைகள் வரத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் ஒரு கிளை பாக்கியில்லாமல் கூடுகள். மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் அடுத்தடுத்து, சந்தைக் கடைகளைப் போல நெருக்கியடித்துக்கொண்டு குடித்தனம் நடத்துகின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வரையில் நரிக்கும் பூனைக்கும் அங்கே வழியில்லை. மழை பொய்த்து ஏரி சீக்கிரம் வற்றிவிட்டால் அந்த அரண் போய்விடும்.

இந்த அடைக்கலத்தை யார் கொடுத்தது? சர்க்கார் என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மை வேறு. கும்பினி ஆட்சியின் நாட்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரியில் பறவைகளைச் சுட்டு விளையாடினார்கள் என்றும், ஊரார் பொறுக்கமாட்டாமல் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்றும் வரலாறு. துப்பாக்கி வைத்திருக்கும் துரைகளின் பேரில், துரையிடமே பிராது கொடுத்தவர்கள் கோவணம் கட்டிய குடியானவர்கள்! 1798-ஆம் ஆண்டில் லயனல் பிளேஸ் என்னும் கலெக்டர் பறவைகளைச் சுடலாகாது என்று அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். இதே பிளேஸ் துரைதான் பக்கத்து மதுராந்தகத்தில், மழை இரவில் உடையவிருந்த ஏரிக்கரையை ராம லக்ஷ்மணர் வில்லும் கையுமாகக் காவல் காத்ததைக் கண்டதாக ஐதீகம். ராமர் விஷயம் பக்தர்களின் நம்பிக்கை. வேடந்தாங்கல் ஏரியைக் காத்தவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1936-இல் ஜில்லா அதிகாரிகள் அதைச் சரணாலயமாக அங்கீகரித்ததும், 1962-இல் அது காப்புக்காடானதும், 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் ஊரார் போட்ட அஸ்திவாரத்தின்மேல் எழுந்த மாடிகளே.

ஊராருடைய அன்புக்கு ஒரு கணக்கும் உண்டு. பறவைகளின் எச்சம் நாள்தோறும் தண்ணீரில் விழுந்து கரைகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது உரமும் கூடவே போகிறது. அன்பையும் கணக்கையும் பிரித்துப் பார்ப்பது பட்டணத்தாரின் வழக்கம்; குடியானவனுக்கு இரண்டும் ஒன்றே.

இனிப் படத்தின் கதைக்கு வருகிறேன். வேடந்தாங்கலில் படம் எடுப்பவன் கரையில்தான் நிற்கவேண்டும். அவனுக்கும் கூட்டுக்கும் நடுவே தண்ணீர். நீண்ட லென்ஸ் இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் பொறுமை இருக்கவேண்டும். என்னிடம் நடுத்தரமான லென்ஸ் ஒன்றும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகி வளர்ந்த பொறுமையும் உண்டு. ஒரு தை மாதத்து நடுப்பகலில் மஞ்சள்மூக்கு நாரை ஒன்றை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் குஞ்சுகளின்மேல் விழாதபடி தாய் இறக்கைகளை அகல விரித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றது. நிழல் நகர நகரத் தானும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டது. அதன் அலகு திறந்து தொண்டை படபடத்தது. வியர்வையில்லாத ஜீவனுக்கு அதுதான் விசிறி. பிற்பாடு இணைப்பறவை வந்து, வயிற்றில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகளின் மேலே வார்த்தது. சொம்பால் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போலவே இருந்தது. படம் ஒரு விநாடியில் முடிந்துவிட்டது. படத்தில் அந்த இரண்டு மணி நேரம் தெரியாது.

சற்றுத் தள்ளி ஓர் இளைஞர் நின்றிருந்தார். பீரங்கி போன்ற லென்ஸ். விலை என் ஆறு மாதச் சம்பளத்துக்குக் குறையாது. பறவைகள் உட்கார்ந்தே இருப்பதில் அவருக்குச் சலிப்பு. கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டுமென்று ஓங்கிக் கையைத் தட்டினார். கரையோரத்து மரத்திலிருந்து வக்காக்கள் சில எழும்பின. கரையிலே மாட்டை ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நின்றார். "தட்டாதீங்க தம்பி. அது எந்திரிச்சா காக்கா எறங்கும்" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, காக்கை இறங்கிவிட்டது. காலியான கூட்டிலிருந்து இளநீல முட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று. என் காமிரா அந்தப் பக்கம் திரும்பியிருந்தபடியால் அந்தப் படமும் என்னிடம் இருக்கிறது. நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆனால் அதைச் சட்டம் போட்டு மாட்ட வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை.

இளைஞர் பொல்லாதவர் அல்லர். முகம் கறுத்துப் போய்க் காமிராவை மூடி வைத்துவிட்டார். கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுப் படம் எடுத்தவர்களைப் பற்றி நான் கேட்டிருக்கிறேன். அந்த இலைதான் குஞ்சுக்குக் குடை. பருந்தின் கண்ணுக்குத் திரை. பல போட்டிகளில் இப்போது கூட்டுப் படங்களையே ஏற்பதில்லை. அது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் 1950 முதல் இறுதி வரையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புக்களைக் கோத்துத் தாமே ஒரு கருவி அமைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே கடைசி வரை படம் எடுத்தார். அவருடைய யானைப் படங்களைப் பார்க்கிறவனுக்கு யானை இவரைப் பொருட்படுத்தவே இல்லை என்று விளங்கும். அப்படிப் பொருட்படுத்தாமல் இருக்கச் செய்வதுதான் வித்தை, லென்ஸ் அப்புறம்.

வேடந்தாங்கலிலோ அந்த வித்தையை ஊரார் நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். வேறிடத்தில் மனிதத் தலையைக் கண்டதும் எழும்பிவிடும் நாரை, இங்கே கரையில் ஆளும் மாடும் நடமாட, நிம்மதியாய் அடை காக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கல் விழாத மரம் அது. நாம் ஒரு காலைப் பொழுதுக்கு அந்த நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டு படம் எடுக்கிறோம். 2020-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் என்றிருந்த சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகக் குறுக்கலாம் என்ற யோசனை கிளம்பியபோது, பலத்த எதிர்ப்பு எழுந்ததில் ஆச்சரியமில்லை. நாரைகள் இரை தேடுவது ஏரிக்குள் மட்டுமல்ல. சுற்றுவட்டார வயல்களிலும் குட்டைகளிலுந்தான். கூட்டை மட்டும் காத்து வயலைக் கைவிடுவது, பிள்ளைக்குத் தொட்டிலைக் கொடுத்துப் பாலை நிறுத்துவது போலாகும்.

அன்றைக்குப் புறப்படுவதற்கு முன் அந்தப் பெரியவரிடம் நாரைப் படத்தைக் காமிராவின் சிறு திரையில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "பின்னால பச்சையாத் தெரியுதே, அது எங்க கழனிங்க" என்றார். பறவை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதைத்தான் தினமும் பாக்கறோமே!" என்று சொல்லிவிட்டு, கரையிலிருந்து இறங்கப் பார்த்த மாட்டை அதட்டிக்கொண்டு மதகுப் பக்கமாக நடந்தார்.