முள்ளிவாய்க்காலின் முள்ளி

இலங்கையின் வடகிழக்குக் கரையில், நந்திக்கடல் என்னும் களப்புக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பட்டையில் அமைந்த முள்ளிவாய்க்கால், உள்நாட்டுப் போரின் இறுதிக் களமாக இருந்த 2009 மே மாதத்துக்குப் பின் உலகெங்கும் துயரத்தோடு உச்சரிக்கப்படும் பெயராகிவிட்டமையால், அப்பெயர் ஒரு செடியையும் ஒரு நீரோட்டத்தையும் சுட்டி எழுந்தது என்பது பலருக்கும் மறந்துபோயிற்று. வாய்க்கால் விளங்குகிறது, முள்ளி எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது, ஏனெனில் தமிழில் முள்ளி ஒரே செடிக்குரிய பெயரன்று.

பெயருக்கு உறவு பல உண்டு. முல்லைத்தீவு நகருக்குத் தென்மேற்கே முள்ளியவளை, வடமராட்சி கிழக்கில் முள்ளியான், மன்னார் மாவட்டத்தின் தெற்கே முள்ளிக்குளம் என வடபுலத்தில் இச்செடியின் பெயர் தாங்கிய ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. முள்ளிவாய்க்காலின் அயலிலேயே இரட்டைவாய்க்கால் உண்டு. முள்ளிவாய்க்காலுமே கரையாமுள்ளிவாய்க்கால், வெள்ளாமுள்ளிவாய்க்கால் என இரண்டாக வழங்கும். செடிகளுள், கத்தரி இனத்துக் கறிமுள்ளியும் முள்ளி என்னும் பெயரை ஏற்கிறதெனினும், அது நீர்க்கரைக்கே உரிய செடியன்று ஆதலின் அதனை விலக்கிவிடலாம். எஞ்சுவன நீர்முள்ளியும் கழிமுள்ளியும்.

இவ்விரண்டும் அக்காந்தேசியே என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹைக்ரோபிலா ஆரிகுலாட்டா என அறிவியலார் அழைக்கும் நீர்முள்ளி, வயலோரத்திலும் குளக்கரையிலும் நன்னீர்ச் சேற்றில் வளர்வது. தண்டின் கணுதோறும் ஊசிபோன்ற நீண்ட முட்கள், பெரும்பாலும் ஆறு, சுற்றி நிற்க, அவற்றினிடையே ஊதாப் பூக்கள் கொத்தாக மலரும். சித்த மருத்துவர் இதிலிருந்து குடிநீர் காய்ச்சுவர். சிங்களத்திலும் இது நீரமுல்லிய என்றே வழங்குவது பெயரின் பயணத்தைக் காட்டும். கழிமுள்ளியோ உவர்நீர்க் கழிகளில், கண்டல் மரங்களின் அடியில் புதராகப் படர்வது. இதன் முள் இலையின் விளிம்பில் இருக்கும். வெளிர்நீலப் பூவுக்கு மேலிதழ் இன்றி அகன்ற கீழிதழ் மட்டுமே உண்டு. உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுவதால், வறண்ட நாட்களில் இலைமேல் உப்புப் படிகங்கள் மினுங்கும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு அக்காந்தஸ் இலிசிபோலியஸ் எனப் பெயரிட்டார். அதற்கு முன்பே, கொச்சியின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்ததும் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்ததுமான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் தாவர நூலில் இரண்டு செடிகளும் சுள்ளி என்ற ஒரே பொதுப்பெயரின் கீழ், வெவ்வேறு அடைமொழிகளுடன் பதிவாகியுள்ளன. அவற்றுள் நீர்முள்ளிக்கு உரியது வயல்சுள்ளி.

சங்கப் பாடல்கள் இவ்வேறுபாட்டைத் திணையால் காட்டுகின்றன. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய கள்வன் பத்தில், சேற்றில் அளைந்த புள்ளி நண்டு முள்ளி வேரடியிலுள்ள தன் வளைக்குள் புகுகிறது, அது வயல்நிலம். அம்மூவனார் பாடிய குறுந்தொகை 49ஆம் பாட்டிலோ, நெய்தல் நிலத்து முண்டகத்துக்கு அணிற்பல் உவமையாகிறது. முண்டகத்துக்கு முள்ளி என்றே உரைகாரர் பொருள் கொள்வர். குறுகிய அணிற்பல் கழிமுள்ளியின் இலைவிளிம்பு முள்ளுக்குப் பொருந்துகிறதேயன்றி, நீர்முள்ளியின் நீண்ட ஊசிக்குப் பொருந்துவதில்லை.

இனி நிலத்தைப் பார்க்கலாம். நந்திக்கடலுக்குப் பேராறு முதலிய ஆறுகள் மாரியில் நன்னீர் கொணர்கின்றன. வட்டுவாகலில் உள்ள முகத்துவாரம் கடலோடு அதனை இணைக்கிறது. ஆகவே களப்பின் உவர்ப்பு மாரியில் தணிந்து கோடையில் ஏறும். முள்ளிவாய்க்காலுக்கு மேலே பாசன வாய்க்கால் பிரியத்தக்க பெருங்குளத்துக்கு இம்மணற்பட்டையில் இடமில்லை. எனவே இங்கு வாய்க்கால் என்றது மழைநீர் களப்புக்கு வடிந்த இயற்கை ஓடையாகவும், முள்ளி என்றது கழிமுள்ளியாகவும் இருக்கவே வாய்ப்பு மிகுதி. தண்ணீரூற்று என்னும் ஊரை அயலாகக் கொண்ட முள்ளியவளைக்கு இந்த நியாயம் செல்லாது. அங்கே நீர்முள்ளியைத் தேடுவதே முறை. பெயரிட்டவர்கள் நீர் என்றோ கழி என்றோ அடைமொழி சேர்க்காதது குறையன்று. கண்முன் நின்ற செடிக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இதனைக் களத்தில் சோதிக்க ஒளிப்படம் நல்ல துணை, ஆனால் பூவை மட்டும் எடுத்த படம் போதாது. நிழலில் வளரும் கழிமுள்ளியின் இலைகள் முள்ளின்றியும் இருக்குமாதலால், கணு, இலைவிளிம்பு, இலையின் மேற்பரப்பு, செடி நிற்கும் நீர் ஆகிய நான்கும் தனித்தனியே படமாக வேண்டும். நீர்முள்ளியாயின் இலையடியில் கம்பளிப்புழுவும் தென்படலாம். இறக்கையில் பெரிய கண்போன்ற பொட்டுகளையுடைய மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடிகளுள் அதுவும் ஒன்று.

நந்திக்கடல் 2017இல், 4,100 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்புடன், இயற்கை ஒதுக்கிடமாக, அதாவது அரச அனுமதியின்றி நிலத்தையும் உயிரினங்களையும் பயன்படுத்த முடியாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. தங்கள் வயலும் மேய்ச்சல் தரவையும் எல்லைக்குள் அகப்பட்டன என்னும் முறைப்பாடு அயலூர் மக்களிடம் உண்டு, அது செவிமடுக்கத்தக்கது. போர் நடந்த நிலமாதலால், படமெடுக்கச் செல்வோர் மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதியாகாத பற்றைக்குள் இறங்காதிருப்பதோடு, மணலில் கிடக்கும் உடுப்பும் பாத்திரமும் யாரோ ஒருவருடையவை என்பதை நினைந்து அவற்றைப் படப்பொருளாக்காமல் விடவேண்டும். எடுத்த படத்தோடு நாளையும் இடத்தையும், அச்செடியை ஊர் முதியவர் என்ன பெயரால் அழைத்தார் என்பதையும் எழுதிவையுங்கள்.