மாரிக்காலக் கைவேலை

வடகீழ்ப் பருவமழை யாழ்ப்பாணத்து முற்றங்களை நீரால் நிரப்பும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் சிறுபிள்ளைக்கு வீடே உலகமாகின்றது. அப்பொழுது அதன் கையில் எதைக் கொடுப்பது? எம் ஐந்து வயது மகளுக்காக இவ்வினாவுடன் கடைக்குச் சென்றோம். அங்கே காட்டப்பட்டது, வெட்டிவைத்த வண்ணத் துண்டுகள் நிறைந்த இறக்குமதிப் பெட்டி. ஒட்டுவதொன்றே பிள்ளைக்கு எஞ்சிய வேலை.

பொருளைத் தெரிதல் அற்ப விடயமன்று. ஜேர்மனியிலே சிறுவர் பள்ளிக்கு வித்திட்ட புரோபல், பிள்ளைகளுக்கு அளித்தவை நூற்பந்தும் மரக்கட்டைகளும் போன்ற எளிய பொருள்களே. அப்பள்ளிகள் நாத்திகமும் சோசலிசமும் பரப்புவன என ஐயுற்று, 1851 இல் பிரஷ்ய அரசு அவற்றைத் தடைசெய்தது!

நாம் விலைக்கு வாங்கியது முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்றே. ஏனையவை பனங்குருத்தோலை, களிமண், மாப்பசை, ஒருபக்கம் எழுதிய பழைய கொப்பித் தாள்கள். 2022 இல் கடதாசிப் பஞ்சத்தால் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை அறிந்த ஆசிரியர்க்கு, வெறுமையான மறுபக்கம் குப்பையன்று.

நீரில் நனைத்துப் பதமாக்கிய ஓலையை நாம் வார்ந்து கொடுக்க, மகள் மேலும் கீழுமாகக் கோத்துப் பின்னுகிறாள். ஓர் இழை தவறினால் அவிழ்த்து மீண்டும் தொடங்குகிறாள். சந்தையிலே பெட்டியும் சுளகும் விற்கும் பெண்ணின் உழைப்பு எத்துணை நுட்பமானதென்பதை அவ்விரல்கள் அறிகின்றன. கைத்தொழிலைச் சாதியின் பெயரால் இழித்துரைத்த எம் சமூகத்தில் இது சிறிய பாடமன்று. ஆசிரிய நண்பர்களே, இம் மார்கழி விடுமுறையில் உங்கள் பிள்ளைகளின் கையிலும் ஓலையைக் கொடுங்கள். அதனை இழைப்போரிடமே விலை குறைக்காது வாங்குங்கள்.